உப்பைக் கடைசியில் போடுங்கள்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் இரவு பதினொன்றரைக்கும் அடுப்பு எரியும். செகண்ட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களின் அடுப்பு அது. அந்த நேரத்தில் யாருக்கும் காய் நறுக்கப் பொறுமை இருக்காது. காலையில் வடித்த சோறு இருக்கும், தயிர் இருக்கும், அலமாரியில் ஊறுகாய் பாட்டில் இருக்கும். சோறும் தீர்ந்திருந்தால் நூடுல்ஸ் பாக்கெட். வயிறு நிறைந்துவிடும், தூக்கமும் வந்துவிடும். ஆனால் அந்த ஒரு வேளையிலேயே, ஒரு நாளைக்கு வேண்டிய உப்பில் பெரும்பகுதி உள்ளே போயிருக்கும்.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரியை அடுத்த சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிற திட்டம். அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. உப்பைக் குறைக்கிற வேலை மட்டும் நம் அடுப்படியில்தான் நடந்தாக வேண்டும்.

இதுவரை சமைத்துப் பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகள், புதிதாகக் குடித்தனம் வைத்தவர்கள், 'உப்பைக் குறைங்க' என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்கள், எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சேமித்து வைக்கும் எதிலும் உப்புப் போடாதீர்கள். சாப்பிடப் போகும்போது, கடைசியில், அளந்து போடுங்கள். உப்பைக் குறைப்பதையும் சமைத்ததைக் கெடாமல் வைப்பதையும் இரண்டு வேலையாக நினைக்கிறோம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் இரண்டும் ஒரே வேலையாகிவிடும்.

உங்கள் வீட்டுக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. தலை தட்டிய ஒரு டீஸ்பூனில் 5 முதல் 6 கிராம் தூளுப்பு பிடிக்கும். ஆக, நாள் முழுவதற்கும் ஆளுக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. குழம்பு, பொரியல், ஊறுகாய், பிஸ்கட், டீக்கடை வடை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. அதன்படி நாம் சராசரியாகச் சாப்பிடுவது நாளைக்கு 8 கிராம். ஆண்கள் 8.9 கிராம், பெண்கள் 7.1 கிராம்.

உங்கள் வீட்டு அளவை அறிய ஆய்வகம் வேண்டாம். அடுத்த முறை ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதி எழுதுங்கள். தீர்ந்த அன்று நாளை எண்ணுங்கள். நான்கு பேர் வீட்டில் அது 30 நாளில் தீர்ந்தால், ஒருவருக்கு நாளைக்கு 8 கிராமுக்கும் மேல் போகிறது. 50 நாள் வந்தால் 5 கிராம். வெளியில் தின்னும் உப்பு தனி என்பதால், 60 நாள் வருவது போலப் பார்த்துக்கொண்டால் நல்லது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கூடுதல் நாள் வர வேண்டும்.

அடுத்து ஒரு சின்ன டப்பா. காலையில் அடுப்பு பற்ற வைக்கும் முன், அன்றைக்கு வேண்டிய உப்பை மட்டும் அதில் அளந்து போடுங்கள். நான்கு பேருக்கு முதல் இரண்டு வாரம் தலை தட்டிய 5 டீஸ்பூன், அடுத்த இரண்டு வாரம் 4, அதற்குப் பிறகு 3. அன்றைய சமையல் முழுவதும் அந்த டப்பாவில் இருப்பதை வைத்துத்தான். பெரிய உப்பு ஜாடி மேல் அலமாரியில் இருக்கட்டும். கை போகிற போக்கில் அள்ளிப் போடும் பழக்கம் இதிலேயே பாதி நின்றுவிடும். அவசரப்பட்டு ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். படிப்படியாகக் குறைத்தால், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய அளவில் சமைத்த குழம்பை வாயில் வைத்தால் கரிக்கும்.

உப்பு என்று தெரியாத உப்பு

நம்மைக் கெடுப்பது உப்பில் உள்ள சோடியம். உப்பின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சோடியம்தான். அது ரத்தத்தில் கூடும்போது நீரையும் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்கிறது. குழாயில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாயின் சுவர் மேல் அழுத்தமும் கூடுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஓயாத வேலை.

'நாங்க இந்துப்புதான் போடறோம்' என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இந்துப்பும் கல்லுப்பும் தூளுப்பும் பெரும்பாலும் ஒரே சோடியம் குளோரைடுதான். எடைக்கு எடை சோடியம் ஏறக்குறைய சமம். இந்துப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை என்பதால், குறைவாக வாங்கினாலும் அயோடின் சேர்த்த உப்பாக வாங்குவதே நல்லது. ஆப்ப சோடாவிலும் சோடியம் உண்டு. அஜினோமோட்டோவிலும் உண்டு. அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, சாஸ், சிப்ஸ், பேக்கரி ரொட்டி, சூப் பொடி, உப்புக் கலந்த மசாலாப் பொடி என எல்லாவற்றிலும் அது மறைந்திருக்கிறது.

பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2,000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் உப்பு. இந்திய லேபிள்களில் ஒரு நாளைக்கான சோடியம் வரம்பாக எடுத்துக்கொள்வது 2,000 மில்லிகிராம். ஒரு முறை சாப்பிடும் பங்கு அதில் எத்தனை விழுக்காடு என்பதையும் பல பாக்கெட்டுகளில் காணலாம். கடையில் நின்று பார்க்க அரை நிமிடம் போதும்.

ஏன் கடைசியில்?

குழம்பு கொதிக்கத் தொடங்கும்போதே உப்புப் போட்டால், நீர் வற்ற வற்ற உப்பு ஏறும். ஒரு கட்டுக் கீரையைப் பார்த்து உப்புப் போட்டால், அது வெந்து ஒரு கைப்பிடியாகச் சுருங்கும்போது உப்பு மிஞ்சி நிற்கும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடுபடுத்தினால் இன்னும் வற்றி இன்னும் கரிக்கும். கடைசியில் போட்டால் எவ்வளவு குழம்பு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். குறைவாகப் போட்டாலும் நாக்குக்கு எட்டும்.

உப்பில்லாமல் வேகவைத்து வைத்த பருப்புக்கு இன்னொரு நன்மை உண்டு. அதை இன்று சாம்பாராக்கலாம், நாளை கீரையோடு கடையலாம், வீட்டில் பிரஷர் உள்ளவருக்குத் தனியாக எடுத்து வைக்கலாம். உப்புப் போட்டுவிட்டால் அந்த வழியெல்லாம் அடைபட்டுவிடும்.

நம் தட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உப்புப் போடுவது இன்னொரு சிக்கல். சோற்றில் உப்பு, குழம்பில் உப்பு, பொரியலில் உப்பு, மோரில் உப்பு, அதன் மேல் அப்பளம். ஒரு தட்டில் உப்புள்ளது ஒன்று போதும். சோறு, சப்பாத்தி, தயிர், மோர் ஆகியவற்றுக்கு உப்பே வேண்டாம். குழம்பு மட்டும் உப்போடு இருக்கட்டும். அதோடு பிசைந்து சாப்பிடும்போது வாய் குறை உணராது.

இது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்க வீடுகளில் ராகிக் களியை அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். களி உருண்டையில் பலர் உப்பே போடுவதில்லை, போட்டாலும் ஒரு சிட்டிகை. சுவை முழுவதும் சாற்றில் இருக்கும். உருண்டையைக் கிள்ளிச் சாற்றில் தோய்த்து விழுங்கும்போது, களிக்கும் சேர்த்து அந்தச் சாறே போதுமானதாகிறது. உப்பைக் குறைக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இட்லியையும் ஒரு கணம் கணக்கிட்டுப் பாருங்கள். 60 இட்லி வரும் மாவில் 30 கிராம் உப்புப் போட்டால், ஒரு இட்லிக்கு அரை கிராம். நான்கு இட்லியில் 2 கிராம். சட்னியும் சாம்பாரும் இன்னும் தட்டுக்கு வரவில்லை. உப்பில்லாமலும் மாவு புளிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், மார்கழிக் குளிருக்கு மாவு பொங்கத்தான் நேரமாகும். இரவு அடுப்புக்குப் பக்கத்தில், போர்த்தி வையுங்கள். பொங்கிய மாவை உப்பில்லாமலே ஃபிரிட்ஜில் வைத்து, அன்றன்று ஊற்றும் அளவுக்கு மட்டும் ஒரு சிட்டிகை சேருங்கள்.

உப்பு விட்ட இடத்தை எது நிரப்பும்?

புளிப்பு, வறுத்த மணம், காரம், பச்சை வாசனை. நான்கும் இந்த மாவட்டத்தில் தட்டுப்பாடின்றிக் கிடைப்பவை. கிருஷ்ணகிரியின் புளியும் மாங்காயும் ஊரறிந்தவை. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியைத் தெரியாத வியாபாரி இல்லை. ஓசூர்ச் சந்தையில் கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக் கட்டாக வந்து இறங்கும்.

இறக்கும் நேரத்தில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால், குறைந்த உப்பும் தூக்கலாகத் தெரியும். சீரகம், மிளகு, மல்லி, எள் ஆகியவற்றை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்துப் பொடியுங்கள். தாளிப்பைக் கடைசியில் கொட்டுங்கள். பூண்டைச் சிவக்க விடுங்கள். சப்பென்று இருக்கிறதே என்று தோன்றும்போது உப்பு டப்பாவைத் தொடும் முன் புளிப்பைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

முதல் வாரத்துக்கு நான்கு

பருப்பு அடி: ஒரு டம்ளர் துவரம்பருப்பைக் கழுவி, மூன்று டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், ஐந்து பல் பூண்டு சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் விடுங்கள். உப்பு வேண்டாம். மசித்து மூன்று டப்பாக்களில் பிரித்து வைத்தால், மூன்று வேளைக்கு ஆகும். வேண்டும்போது ஒன்றை எடுத்து, தக்காளியோ கீரையோ சேர்த்துக் கொதிக்க வைத்து, தாளித்து, கால் டீஸ்பூன் உப்பு.

தக்காளி அடி: தக்காளி விலை விழும்போது இரண்டு கிலோ வாங்குங்கள். நறுக்கி, எண்ணெயும் உப்பும் இல்லாமல் வேகவைத்து, மசித்து, பாதியாக வற்றும்வரை கிளறுங்கள். ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வையுங்கள். கட்டியானதும் உருவி ஒரு பையில் போட்டு மறுபடி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரும். ரசத்துக்கு இரண்டு கட்டி, குழம்புக்கு மூன்று. இதன் புளிப்பு செறிவாக இருப்பதால் உப்பு குறைவாகவே கேட்கும்.

கொள்ளுச் சாறும் சுண்டலும்: ஒரு டம்ளர் கொள்ளை இரவே ஊற வைத்து, காலையில் நான்கு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். தண்ணீரைத் தனியாக வடியுங்கள். வெந்த கொள்ளில் இரண்டு கரண்டியை, வறுத்த மிளகு, சீரகம், இரண்டு காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்து அந்த நீரில் கரையுங்கள். நெல்லிக்காய் அளவு புளி. இரண்டு கொதி வந்ததும் தாளித்து இறக்கி, நான்கு பேருக்கு அரை டீஸ்பூன் உப்பு. ஆளுக்கு முக்கால் கிராம் அளவுதான் வரும். மீதிக் கொள்ளில் துருவிய மாங்காய், தேங்காய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்தால் சுண்டல். அதற்கு உப்பு வேண்டாம், சாற்றோடு சேர்ந்து போய்விடும். தை மாதத்தில் கொள்ளுக்குப் பதில் பிதுக்கிய அவரைப் பருப்பைப் போட்டு இதே முறையில் செய்து பாருங்கள்.

கடலைப் பொடி: நிலக்கடலை 100 கிராம், எள் இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு, சீரகம் ஒரு டீஸ்பூன், சிறு துண்டு புளி. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, ஆற வைத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். உப்பே கிடையாது. ஈரமில்லாத பாட்டிலில் இரண்டு வாரம் இருக்கும். இரவுச் சோற்றுக்கு ஊறுகாய் தேடும் கைக்கு இதைக் கொடுங்கள்.

வைக்கும் முறை

சமைத்த உணவில் கிருமி வேகமாகப் பெருகும் வெப்பம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். ஓசூர் குளிர்ந்த ஊர் என்பதால், வெளியில் வைத்தாலும் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். வெளியே சில்லென்று இருந்தாலும் அடுப்படியில் 20, 25 டிகிரி இருக்கும். கிருமிக்கு அது போதும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், அல்லது ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும்.

பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் பருப்பை அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வைத்தால், அதன் நடுப்பகுதி ஆற நெடுநேரம் ஆகும். அகலமான தட்டிலோ சின்ன டப்பாக்களிலோ பிரியுங்கள். அவசரமானால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிரம்பிய பேசினில் இறக்கிக் கிளறுங்கள். ஆவி அடங்கியதும் மூடி உள்ளே வையுங்கள். மூடியின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி. பருப்பும் பயறும் மூன்று நாள், தேங்காய் அரைத்துவிட்டது இரண்டு நாள், சோறு ஒரு நாள்.

சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியிலும் சாகாது. சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. காலையில் வடித்து இரவுவரை மேடையில் இருந்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுவது அதனால்தான் ஆபத்து.

எடுத்த டப்பாவை மட்டும் சூடாக்குங்கள். நன்றாகக் கொதிக்கட்டும். மிஞ்சினால் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். உப்பு அந்தக் கொதிக்குப் பிறகுதான்.

ஃபிரிட்ஜ் இல்லாத அறையா? வெந்ததைச் சேமிக்க முயல வேண்டாம். உலர்ந்ததைச் சேமியுங்கள். ராகி மாவு, வறுத்துப் பொடித்த கொள்ளு, கடலைப் பொடி, வறுத்த ரவை, ரசப்பொடி ஆகியவற்றை உப்புக் கலக்காமல், மூடி இறுகிய டப்பாவில் வைத்தால், பதினைந்து நிமிடத்தில் ஒரு வேளை தயார். பழைய சோறு வைப்பதானால், இரவு வடித்துச் சற்று ஆறியதுமே முழுவதும் மூழ்கும்படி குடிநீர் ஊற்றி, காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மோரும் சின்ன வெங்காயமும் இருந்தால் உப்பு கேட்காது. கொழகொழப்போ வேறு வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். மழைக்காலத்தில் தென்பெண்ணை பெருகும்போது, கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீரில் நுரை மலையாகப் பொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நீரை நம்பாமல், கீரையையும் கொத்தமல்லியையும் கடைசிக் கழுவலுக்காவது குடிநீரில் அலசுங்கள். மண்ணும் கிருமியும் குறையும். பிறகு ஈரம் உலர்த்தி, துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் வாடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீரை மென்மையாக்கும் கருவி இருந்தால் அந்த நீரில் சமைக்க வேண்டாம். கடினத்தை எடுத்துவிட்டு அது சோடியத்தைத்தான் நீரில் விடுகிறது.

உப்பே காவலாக இருக்கும் இடம்

உப்பைக் குறைத்தால் குழம்பு சீக்கிரம் கெடுமா என்று கேட்பார்கள். கெடாது. குழம்பில் நாம் போடும் உப்பு, கிருமியைத் தடுக்கும் அளவுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம், மோர் மிளகாய் ஆகியவற்றில்தான் உப்பு காவல் காக்கிறது. அங்கே அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கிருமிக்கு வாழ ஈரம் கிடைப்பதில்லை.

அதனால் ஆவக்காயிலோ எலுமிச்சை ஊறுகாயிலோ உப்பைப் பாதியாக்கிவிட்டு அலமாரியில் வைக்காதீர்கள். காவலை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டது போலாகும். ஊறுகாயை அதன் முறைப்படி போட்டு, நுனி விரலில் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு, எப்போதாவது சாப்பிடுங்கள். அடிக்கடி வேண்டுமானால் உடனடி மாங்காய் செய்துகொள்ளுங்கள். துருவிய கிளிமூக்கு மாங்காய் ஒன்று, வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும், மிளகாய்த்தூள், அரை மூடி எலுமிச்சை, கால் டீஸ்பூன் உப்பு. ஃபிரிட்ஜில் மட்டும், மூன்று நாள்.

பூண்டு விழுதை எண்ணெயில் மூழ்க வைத்து வெளியில் சேமிக்க வேண்டாம். உப்பும் புளிப்பும் இல்லாத, காற்றுப் புகாத எண்ணெயில் உயிரைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். சிறிதாக அரைத்து ஃப்ரீசரில் வையுங்கள். கருவாட்டைத் தண்ணீரில் ஊற வைத்து இரண்டு மூன்று முறை நீரை மாற்றினால் உப்பில் ஒரு பங்கு இறங்கும். அந்தக் குழம்புக்குத் தனியாக உப்பு வேண்டாம்.

எச்சரிக்கை நான்கு

கடையில் 'லோ சோடியம் உப்பு' என்று விற்பதில் சோடியத்தின் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். பலருக்கு அது நன்மை தரும். சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. இத்தகைய உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைவாக இருந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும், வீட்டுச் சமையலுக்கு இதை ஏற்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை பிரஷர் மாத்திரை, இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஆபத்தாகலாம். மாத்திரைச் சீட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வார்ப்படப் பட்டறையிலும் உலைக்கருகிலும் நாள் முழுவதும் வியர்த்து வேலை செய்கிறவர்கள் உப்பை அடியோடு நிறுத்தக் கூடாது. நான் குறைக்கச் சொல்கிறேன், விடச் சொல்லவில்லை. தலைசுற்றலோ தசைப்பிடிப்போ வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

உப்பைக் குறைத்துவிட்டோம் என்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைப் பார்த்து மருத்துவர் குறைக்கட்டும்.

ஒரு வயது நிறையாத குழந்தையின் உணவில் உப்பே சேர்க்க வேண்டாம்.

மறுபடியும் பதினொன்றரை மணி

இனி அந்த இரவுச் சமையலை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கியவர் வீட்டு ஃபிரிட்ஜில், தேதி எழுதிய பருப்பு டப்பா இருக்கும். ஃப்ரீசரில் தக்காளிக் கட்டிகள் இருக்கும். சோறு வடித்த உடனே ஆற்றி உள்ளே வைத்திருப்பார். பருப்போடு இரண்டு தக்காளிக் கட்டியைப் போட்டுக் கொதிக்க விட்டு, இன்னொரு பக்கம் சோற்றைத் தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்கி, கடுகும் சீரகமும் பூண்டும் தாளித்துக் கொட்ட, பத்து நிமிடம். இறக்கிய பிறகு கால் டீஸ்பூன் உப்பு. பக்கத்தில் ஒரு கரண்டி கடலைப் பொடி, உப்பில்லாத தயிர். ஊறுகாய் பாட்டிலுக்கு அங்கே வேலை இல்லை.

களைத்து வருகிறவருக்குக் கட்டுப்பாடு சொல்லிப் பயனில்லை, தயாராக இருக்கும் சோறும் பருப்பும்தான் அவரைக் காக்கும். அதற்கு இன்றே செய்யக்கூடியது ஒன்றுதான். உங்கள் உப்புப் பாக்கெட்டை எடுத்து, பேனாவால் இன்றைய தேதியை எழுதி வையுங்கள்.